நகரு

குதிரை அவள் வழியை மறித்து நின்றது.

சுற்றிலும் மரவேலி. உள்ளே மணல். அவளும் குதிரையும் மட்டும். வேலிக்கு வெளியே, கம்பின்மேல் கைகளை ஊன்றியபடி ரெஜினா.

குதிரையில் ஏற்றி உட்கார வைப்பார்கள் என்று நினைத்துத்தான் தமயந்தி வந்திருந்தாள். அதற்காகவே தேடி எடுத்துப் போட்ட பழைய ஷூ. பயந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்றும் நினைத்திருந்தாள்.

சேணம் இல்லை. கடிவாளம் இல்லை.

"இன்னைக்கு ஏறப் போறதில்லைங்க தமயந்தி" என்று வந்ததுமே சொல்லிவிட்டாள் ரெஜினா. "உள்ளே போய் நம்ம குதிரை சீனிகூடக் கொஞ்ச நேரம் இருங்க. பின்பக்கம் மட்டும் போயிடாதீங்க, அதோட கண்ணுக்குத் தெரியற மாதிரி நில்லுங்க. வேணாம்னு தோணுச்சுன்னா எப்ப வேணா வெளியே வந்துடலாம்."

ரெஜினா மனநல ஆலோசகர். இதுவரை பார்த்த டாக்டர்களைப் போல எதையும் துருவிக் கேட்கவில்லை. காலையில் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

முதலில் குதிரை அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. மணலை முகர்ந்துகொண்டிருந்தது. வெள்ளை உடம்பில் பழுப்புப் புள்ளிகள். வயதான பெண் குதிரை என்றார்கள்.

அவள் கிட்டே போனாள். அது தள்ளிப் போனது.

வேகமாகப் போனாள். அதுவும் வேகமாகப் போனது.

"மூச்சு விடறீங்களா?" என்றாள் ரெஜினா வெளியிலிருந்து.

அப்போதுதான் தெரிந்தது. உள்ளே வந்ததிலிருந்து மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள்.

விட்டாள்.

குதிரையின் தலை மெல்லத் தாழ்ந்தது. அதுவும் ஒரு பெருமூச்சு விட்டது. அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கோடைக்குப் பிறகு இப்போதுதான்.

"அப்படியே எதிர்ப்பக்கம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க."

நடந்தாள். பாதி தூரம் போயிருப்பாள். குதிரை நிதானமாக வந்து குறுக்கே நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

பெரிய, ஈரமான கண். அவளைத்தான் பார்த்தது. அசையவில்லை.

அவள் காதுக்குள் இரைச்சல். வலது கை தானாக உயர்ந்து, காற்றில் எதையோ அழுத்தியது. அங்கே ஒன்றும் இல்லை.

"நகரு!"

அவள் குரல்தான். வேலிக்கு அப்பால் தென்னையிலிருந்து காக்கைகள் கலைந்து பறந்தன.

"நகரு! நகரும்மா!"

குதிரை நகர்ந்தது.

பதறவில்லை. ஒரு கால், அடுத்த கால் என்று எடுத்து வைத்து, பக்கவாட்டில் ஒதுங்கி நின்றது.

முன்னால் வெறும் மணல். காலடிகள். வெயில்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் நனைந்திருந்ததை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

ரெஜினா கதவைத் திறந்து வந்து, கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்தாள். சீனி திரும்ப வந்தது. யாரும் கூப்பிடவில்லை. தமயந்தியின் தலைக்குமேல் வெதுவெதுப்பாக அதன் மூச்சு.

"ஆடு வரமாட்டேன்னு நின்னுடுச்சு மேடம்" என்றாள் தமயந்தி.

ரெஜினா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"தண்டவாளத்துக்கு நடுவுல. அந்தம்மா கயித்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. நான் ஹாரன்ல வெச்ச கையை எடுக்கவே இல்லை. எங்க பெரிய டிரைவர் பிரேக் போட்டுட்டார். ரயிலு உடனே நிக்காதுங்க. எங்களுக்குத் தெரியும். பார்த்துக்கிட்டேதான் இருக்கணும். கயித்தை விட்டிருந்தாப் போதும். விடலை."

அவள் உதவி ரயில் ஓட்டுநர். எஞ்சினில் இடதுபக்க இருக்கை அவளுடையது. கோடையில் நடந்த அந்த விபத்தைப் பற்றிய விசாரணையில், உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். கணவன் ராத்திரி சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, உன் மேல் என்ன தப்பு, உன் மேல் என்ன தப்பு என்று கெஞ்சுவான். கேட்கக் கேட்க அவள் வாய் இறுகிக்கொண்டே போனது. எஞ்சினில் மறுபடி ஏறப் போனவள், படியில் கால் வைத்ததும் இறங்கி வந்துவிட்டாள். அதோடு சரி.

ரெஜினா தப்பைப் பற்றிப் பேசவில்லை.

"அன்னைக்கு நீங்க 'நகரு'ன்னு கத்துனது அவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காது. அந்த ஹாரன் சத்தத்துல எனக்கே கேக்கலை."

சீனி வாலால் ஈயை விரட்டியது.

"அவங்க பேரு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். பேரும் தெரியும், ஊரும் தெரியும். மறுநாளே விசாரித்துத் தெரிந்துகொண்டுவிட்டாள். யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

எழுந்தாள். வலது கையைக் குதிரையின் கழுத்தில் வைத்தாள். சூடாக இருந்தது. தோலுக்கடியில் ஏதோ சீராகத் துடித்தது.

"பழனாத்தாள்" என்றாள்.

குதிரையின் காது அவள் பக்கம் திரும்பியது.

இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை, கூப்பிடுகிற மாதிரி.