வடக்கு அறை

"அந்த வடக்கு அறைக்கு மட்டும் சூடு போகக் கூடாது" என்றான் காசியன், புல்வெளியில் புது வீட்டுக்கு அளவு குறிக்கும் கடைசி முளையை அடித்துக்கொண்டே.

"ஏன், மானைத் தொங்கவிடவா?" அஃப்ரா அளவு நாடாவைச் சுருட்டினாள். "மூணு வருஷமா நீ சுட்டது ஒரே ஒரு முயல்."

"ரெண்டு."

"ரெண்டாவது வண்டியில அடிபட்டது. அது கணக்குல வராது."

ஆஸ்திரியாவின் டிரோல் மலையில், அவன் தாத்தா விட்டுப்போன மேய்ச்சல் நிலம் அது. முப்பது வருடமாக ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் விடுமுறை வீடு வரைந்து கொடுத்தவள் அஃப்ரா. தங்களுக்கென்று வரைவது இதுதான் முதல் தடவை.

சுவருக்குச் சொந்தக் காட்டு லார்ச் என்ற ஊசியிலை மரம். குளிரைத் தடுக்க அதற்குள் ஆட்டு ரோமம். பனி தங்காதபடி தெற்குச் சுவரில் நிமிர்த்தி வைக்கப்போகும் சோலார் தகடு. டிசம்பரில் பாதை மூடிவிட்டால், வசந்தம் வரை வெளியிலிருந்து ஒரு விறகுக்குச்சிகூட வேண்டியிருக்காது.

அக்டோபருக்குள் கூரை ஏறியாக வேண்டும். ஏனென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏப்ரல் மாதம் டாக்டர் அவனுடைய ஸ்கேன் படங்களை எடுத்து விரித்ததுமே, "கணக்கெல்லாம் இவகிட்ட சொல்லுங்க" என்று காசியன் எழுந்து வெளியே போய்விட்டான். "புது வருஷம் பார்ப்பார். ஈஸ்டர் சந்தேகம்தான்" என்றார் டாக்டர். காரில் ஏறியதும் அஃப்ரா அவனிடம் சொன்னது வேறு. "மலைக் காத்து பட்டா தேறிடுவியாம்."

அந்தப் பொய் இந்தக் குளிர்காலம் முழுக்கத் தாங்க வேண்டும். சாவை நினைக்காமல் ஒரே ஒரு பனிக்காலம் அவன் சந்தோஷமாக இருந்துவிட வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

"கூரை எவ்வளவு பனி தாங்கும்?" என்று கேட்டான்.

"சதுர மீட்டருக்கு அறுநூறு கிலோ."

"பத்தாது. எங்க தாத்தா ஜனவரியில செத்தாரு. அடக்கம் பண்ணது மே மாசம். இங்க விழற பனி அப்படி."

அஃப்ரா அறுநூறை அடித்துவிட்டு எண்ணூறு என்று எழுதிக்கொண்டாள்.

"சரி, உன் குளிர் அறைய அந்த மூலைக்குத் தள்ளிடறேன். நம்ம படுக்கையறைய ஒட்டி இருந்தா சூடெல்லாம் அந்தச் சுவர் வழியா ஓடிடும்."

"ஒட்டித்தான் இருக்கணும்."

"காசியன், முப்பது வருஷமா நான் இந்த வேலையத்தான்..."

"ஒட்டித்தான் இருக்கணும். வேணும்னா சுவர்ல ரோமத்த ரெண்டு மடங்கா வெச்சுக்கோ. உன் பக்கம் குளிரக் கூடாது."

இப்படி அவன் அடம்பிடித்து அவள் பார்த்ததில்லை. அடம்பிடிக்கத் தெம்பு இருக்கிறதே என்று ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது. விட்டுக்கொடுத்தாள்.

"எத்தன கொக்கி அடிக்கணும்?"

"கொக்கி வேண்டாம். அகலமா ஒரு பலகை போதும்."

"பலகையிலயா மானைப் படுக்க வெப்பே? நல்ல வேட்டைக்காரன்!"

காசியன் சுத்தியலைக் கீழே வைத்தான். அந்த அறைக்காக நூல் கட்டிய சதுரத்துக்குள் நடந்துபோய், புல்லில் மெதுவாக மல்லாந்து படுத்தான். கைகளை மார்பின் மேல் கோர்த்துக்கொண்டான். தலைக்கு மேலே ஒரு சாண், காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சமிருந்தது.

அஃப்ரா சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை.

"எழுந்திரு. ஈரம்" என்றாள். அவன் அசையவில்லை. அவள் நூலைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். "உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. கார்ல என் முகத்தப் பார்க்காமலே தேறிடுவேன்னு சொன்னே பாரு, அப்பவே தெரியும்."

காசியன் அவள் கையைத் தேடி எடுத்துக்கொண்டான்.

"பாதை திறக்கற வரைக்கும் உன் பக்கத்துலயே இருந்துட்டுப் போறேன், அஃப்ரா."