யார் அடித்தது?

ஜெயந்தினியின் இடது கண் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் மூடிக் கிடந்தது. திங்கட்கிழமை காலை தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். என்ன ஆச்சு என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கேட்பானேன்? கல்யாணமானவளுக்குக் கண் வீங்கினால் காரணம் ஊருக்கே தெரிந்ததுதானே!

வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு சிவசாமி மட்டும் இரக்கப்பட்டு, அதிக ஏற்றமில்லாத மலையில் அவளுக்குக் கொழுந்து பறிக்க நிரை கொடுத்தார்.

பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த சண்முகவடிவு ஒன்பது மணி வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள்.

"மதுரன் ரொம்பப் போட்டுட்டானோ?"

ஜெயந்தினி கிள்ளிய கொழுந்தைக் கூடைக்குள் எறிந்தாள்.

"என்ன செய்யிறது புள்ள. எம்புருஷன் அடிக்காத அடியா? ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு இரு. அவனே கோழி வாங்கிட்டு வருவான்."

"அக்கா, நீங்க நெனைக்கிற மாதிரி..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத, நான் பாத்துக்கிறேன்' என்று புருஷன் விடியற்காலையில் சொல்லியிருந்தான். ஏன் என்று அவள் கேட்பதற்குள் ஃபெக்டரி வேலைக்கு ஓடிவிட்டான்.

பகல் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு, தோட்டத்துச் சங்கத் தலைவர் செல்லசாமியே வந்துவிட்டார்.

"ஒன் புருஷன ஃபெக்டரி வாசல்ல வச்சு நல்லாக் கண்டிச்சுட்டேன் தாயி. இனிமே மூஞ்சில கை வைக்காதடா, வெளிய தெரியுதுன்னு சொன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ. குடும்ப விஷயம், நாங்க தலையிட முடியாது."

ஜெயந்தினிக்குச் சுருக்கென்றது. குடிக்காத மனுஷன், ஒரு நாள் கை ஓங்காத மனுஷன். அவன் எதற்குத் தலை குனிய வேண்டும்?

"அவரு கை எம்மேல பட்டதே இல்ல தலைவரே! இது நேத்து ரக்பி பழகயில பட்ட அடி. மோலி மிஸ்ஸோட முழங்கை."

நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் கூட அப்படியே நின்றார்கள்.

மோலி மிஸ் நியூசிலாந்துக்காரி. ஒரு வருஷத் தொண்டு வேலைக்கு வந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நுவரெலியா டவுனில், நர்ஸ்களும் கடைப் பெண்களும் பொழுதுபோக்காகச் சேர்த்திருந்த ரக்பி அணியில் ஆடப் போய்விடுவாள். நாலு மாதத்துக்கு முன்னால் ஜெயந்தினியையும் இழுத்துக்கொண்டு போனாள். தலையில் கூடைக் கயிறு மாட்டிப் பழகிய கழுத்து அவளுக்கு. மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. அன்றைக்கே இடம் கொடுத்துவிட்டார்கள்.

தோட்டத்து ஜனம் அதை வலைப்பந்து என்று நினைத்துக்கொண்டிருந்தது.

வருகிற ஞாயிறு முதல் மேட்ச். ஏழு பேர் ஆடும் ஆட்டத்துக்கு இருப்பதும் ஏழே பேர், மாற்று ஆள் கிடையாது. பெரட்டுக் களத்தைத் தவிர வேறு எங்கேயும் தன் பெயரை ஒருத்தர் சத்தமாகக் கூப்பிட்டு ஜெயந்தினி கேட்டதில்லை. அந்த மைதானத்தில் கூப்பிடுகிறார்கள். அதற்காக அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் கூட்டம். லயத்து வரிசை வீடுகளின் ஜனம் ஒன்று பாக்கியில்லாமல் வந்திருந்தது. மோலி மிஸ்ஸையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"புருஷன் இருக்கிறவ மூஞ்சில அடி வாங்கிக்கிட்டு வரலாமா?" இது சண்முகவடிவு.

"பாவம்னு நெனச்சு நல்ல நிரை குடுத்தேனே!" இது கண்டாக்கு.

செல்லசாமி தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"நம்ம தோட்டத்துப் பொம்பளை மேல ஒரு அடி விழுந்தா, பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டோம்! ஏம்மா மிஸ், நீங்க இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கத்தானே வந்தீங்க?"

மோலி தான் படித்து வைத்திருந்த புத்தகத் தமிழில் பதில் சொன்னாள். "தவறு என்னுடையது, ஐயா. மன்னியுங்கள். ஆனால் ஜெயந்தினி கீழே விழவில்லை. பந்தையும் விடவில்லை."

பின்னால் நின்ற இளசுகள் சிரித்துவிட்டார்கள். தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஜெயந்தினி, ஞாயித்துக்கெழம நீ போகக் கூடாது."

"போவேன்."

"கூட்டம் சொல்லுது."

"சொல்லட்டும் தலைவரே. நான் போகலைன்னா ஆறு பேரு என்னைய நம்பி நிப்பாங்க. இந்தக் கண்ணு தொறக்கலைன்னா மத்தக் கண்ணால பாத்து வெளையாடுவேன். பெரட்டுக்கு வராம நின்னா கேளுங்க, கொழுந்து கொறைஞ்சா கேளுங்க. ஞாயித்துக்கெழம என்னோடது."

செல்லசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டத்தின் ஓரத்தில் ஃபெக்டரி உடுப்போடு நின்ற மதுரன் கண்ணில் பட்டான். அவன் மேல் பாய்ந்தார்.

"ஏன்டா, காலையில அத்தன பேருக்கு முன்னால ஒன்னைய அந்தத் திட்டுத் திட்டினேனே. நான் அடிக்கலன்னு ஒரு வார்த்த சொன்னியா? எதுக்குடா செய்யாத குத்தத்த ஏத்துக்கிட்ட?"

மதுரன் அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அவ ஞாயித்துக்கெழம வெளையாடணும் தலைவரே. உண்மையச் சொன்னா கூட்டம் போட்டுத் தடுப்பீங்க. நான்தான் அடிச்சேன்னு நெனச்சா, ஒருத்தரும் எதுவும் கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."