வழிவிடும் பக்கம்

கணவாய்க்குக் கீழே இருந்த கடைசி டீக்கடையில், தனசீலனின் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த கடைக்காரப் பெண் கேட்டாள்: "மணி எங்க தம்பி?"

"கழட்டிட்டேன்க்கா. ஏத்தத்துல அதுவும் கனம்தானே."

கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு தனியாக மலை தாண்டுகிறவன் அவன். பல் துலக்கும் பிரஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்திருந்தான்.

அவள் சிரிக்கவில்லை. "சைக்கிள்ல போறவங்க உச்சியில சாமிக்கு மணியக் கட்டிட்டுத்தான் இறங்குவாங்க. கட்டாம இறங்குனவங்க யாரும் இந்தப் பக்கம் திரும்பி வந்ததில்ல."

உச்சியில் சாமி என்று ஒரு கல்தான் இருந்தது. அதைச் சுற்றிய கம்பியில் துருப்பிடித்த சைக்கிள் மணிகள் குலைகுலையாகத் தொங்கின. தனசீலன் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு இறங்கினான்.

இரண்டாவது வளைவில் பின்னால் மணி அடித்தது. யோசிப்பதற்குள் கை ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்து வழிவிட்டது. சின்ன வயதிலிருந்தே பழகிய கை. யாரும் தாண்டிப் போகவில்லை. திரும்பிப் பார்த்தான். ஈர ரோட்டில் அவனுடைய டயர்த் தடம் மட்டும் கிடந்தது.

மறுபடி மணி, முதுகுக்கு வெகு அருகில். கை மறுபடி ஒதுங்கியது. டயர் வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சரளையில் நொறுநொறுத்தது. அதற்கப்பால் தடுப்புச்சுவர் இல்லை, மேகம்தான் இருந்தது. இனி ஒதுங்கவே கூடாது என்று கைகளிடம் உரக்கச் சொல்லிக்கொண்டே, நனைந்து வழுக்கிய பிரேக்கை இறுக்கிப் பிடித்தான்.

பின்னால் எல்லா மணிகளும் ஒன்றாக வழி கேட்டன.