அந்த ஐந்து பேரைப் பாருங்கள்

“மிஸ், கெஸியா என் குதிரையக் கொன்னுட்டா!” பிரோடி கத்தினான்.

“நொண்டிக் குதிரை மிஸ். மூணு பத்தியா நின்ன இடத்துலயே நின்னு புல்லு தின்னுது. கதை எப்பதான் நகர்றது?” என்றாள் கெஸியா.

வகுப்பறையின் பெரிய திரையில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து எழுதும் கதை கிடந்து தவித்தது. ஆளுக்கொரு மடிக்கணினி, ஆளுக்கொரு நிறம். பச்சை எழுதியதைச் சிவப்பு அழித்தது. செத்த குதிரையை நீலம் மறுபடி எழுப்பி நிறுத்தியது.

மிஸ் தார்ன்பரிக்குக் காது மடல் சிவந்தது. கடைசி வரிசையில் கல்வித் துறை இயக்குநர் ஹாலிஸ் உட்கார்ந்திருந்தார். இன்று அவர் தலையசைத்தால், மாவட்டம் முழுவதற்கும் கூட்டு எழுத்துப் பயிற்றுநர் பதவி மிஸ்ஸுக்கு. தனி அறை, கதவில் பெயர்ப் பலகை. பலகையின் எழுத்து வடிவத்தைக்கூட மிஸ் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

“உங்களையெல்லாம் ஒரே பக்கத்துல எழுத விட்டது என் தப்பு. சேர்ந்து எழுதறதுன்னா என்னன்னு காட்டறேன், பாருங்க.”

திரை மாறியது. தொலைதூரத்து மாட்டுப் பண்ணையிலிருந்து இணையத்தில் படிக்கும் குழு அது. மார்னி, மெக், ஜாஸ்பர், டஸ்டி, பான்ஜோ. ஐந்து பேருக்குக் குறைந்தால் அது குழுவே அல்ல என்பது மிஸ் போட்ட சட்டம். ஐந்து பெயரைக் கொடுத்தால் எழுதும் பக்கம் திறக்கும். முகம் பார்த்துப் பேசினால் எழுத்து கெட்டுவிடும் என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு.

திரையில் ஊதா நிறம் எழுதிக்கொண்டிருந்தது. மற்ற நான்கும் அசையாமல் நின்றன. ஊதா நின்ற பிறகுதான் ஆரஞ்சு தொடங்கியது. யாரும் யாருடைய சொல்லையும் தொடவில்லை.

“பாத்தீங்களா சார்? ஒருத்தர் எழுதினா மத்த நாலு பேரும் மூச்சு விடறதில்ல. இதுதான் என் முறை.” பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “நீங்களும் இருக்கீங்களே! அவங்க கால்தூசி பெறுவீங்களா? இனிமே அப்படியே அவங்கள மாதிரி இருக்கணும். புரியுதா பிரோடி?”

ஹாலிஸ் கொட்டாவியை விழுங்கிக்கொண்டார். “அருமை. அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமா?”

மிஸ்ஸின் கொள்கை அந்த நொடியே தளர்ந்தது. திரையில் தொப்பி போட்ட ஒரு சிறுமி தோன்றினாள்.

“மார்னி! நீங்க அஞ்சு பேரும் சண்டையே போடறதில்லையே, எப்படிம்மா?”

“போடுவோமே மிஸ். சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர ஒருத்தர் கடிச்சுக்குவாங்க. நான்தான் விலக்கி விடணும்.”

மிஸ் கலகலவென்று சிரித்தார். “பண்ணைப் பிள்ளைங்க சார். பேச்சே ஒரு மாதிரிதான் இருக்கும்.”

“மத்த நாலு பேரையும் கூப்பிடும்மா, பாக்கலாம்,” என்றார் ஹாலிஸ்.

மார்னி இரண்டு விரல்களை வாயில் வைத்து நீளமாக விசிலடித்தாள். மரத்தரை தடதடத்தது. திரையை ஈரமான ஒரு நாய் மூக்கு மறைத்தது.

“டஸ்டி, கேமராவ நக்காத! பான்ஜோ, உக்காரு! மிஸ் பாக்கறாங்க இல்ல?”

ஹாலிஸ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

பிரோடி மெல்லக் கையைத் தூக்கினான்.

“மிஸ், நாங்களும் வாலாட்டணுமா?”