முன்சீட்டு மாப்பிள்ளை

கற்பூரத்தை ஏற்றி வையுங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஓர் எழுத்து பொய் இருந்தாலும், வருகிற மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து இறைக்கிற மாம்பழத்துக்குப் பதில் என் தலையில் தேங்காய் விழட்டும்!

போலகம் பங்கஜவல்லி அம்மாளின் மாப்பிள்ளை கலைவாணனுக்கு நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற கம்பெனியில் வேலை. மாதம் தவறாமல் விமானம். தரையில் நடந்ததைவிட மேகத்தில் மிதந்ததுதான் அதிகம். ஊர்க் காக்காய்கள் அவனைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும்.

அப்படிப் பறந்து பறந்து, விமானக் கம்பெனி கொடுத்த பாயிண்ட் மலையாகக் குவிந்து கிடந்தது. அதை வைத்துக் குடும்பத்தையே பாரிசுக்கு அழைத்துப் போகிறான்.

பங்கஜவல்லியின் சின்ன மகளுக்கு அங்கே குழந்தை பிறந்திருக்கிறது. இதுவரை போனில்தான் கொஞ்சிக்கொண்டிருந்தார். இனி மடியில் போட்டுக் கொஞ்சலாம்.

ஊரே மாப்பிள்ளையை மெச்சியது. டிக்கெட் வருகிற வரைக்கும்.

"அநியாயத்தைக் கேட்டீங்களா மாமா?" என்று பக்கத்து வீட்டுத் திருஞானசம்பந்தத்திடம் மூக்கைச் சிந்தினாள் கலைவாணனின் மனைவி சந்திரலேகா. "எனக்கும் அம்மாவுக்கும் எம் மக கீர்த்திகாவுக்கும் பின்னாடி சீட்டு. தொரைக்கு மட்டும் முன்னாடி, பிசினஸ் கிளாஸ்! படுத்துக்கிட்டே வருவாராம்."

திருஞானசம்பந்தம் ரிட்டயர் ஆனவர். பக்கத்து வீட்டுக் குழம்பில் உப்பு கூடவா குறைச்சலா என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அன்றைக்கே கலைவாணனை மடக்கினார்.

"ஏன் மாப்ள, பாயிண்ட்டை இப்படியா வாரி விடுறது? நாலும் பின் சீட்டா எடுத்திருந்தா, மிச்சத்துல எல்லாருமா இன்னொரு தடவை போயிட்டு வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம் மாமா."

"ஒடம்புக்கு ஏதும் கோளாறா?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப அந்த சீட்டை மாமியாருக்காவது குடுக்கலாமே? முட்டி வீங்கிக் கெடக்கு அதுக்கு."

"மொதல் தடவை ஏறுறாங்க. பெல்ட் போட, பாத்ரூம் போக, பக்கத்துல மக இருக்கணும் மாமா."

பதில் தயாராகத்தான் வைத்திருக்கிறான் பயல் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. சின்ன மருமகனைவிட இவன் தங்கம் என்று ஊர் பேசிய பிள்ளை. எங்கேயோ இடிக்கிறது.

வழியனுப்பக் கிளம்பிய வேனில், வேண்டாம் என்று சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கலைவாணன் வேனில் வரவில்லை. ரயிலில் வருகிறானாம்.

"இதுலயும் தனியாத்தான்" என்றாள் சந்திரலேகா. "இப்படி ஒரு சுயநலத்தை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா மாமா?"

சென்னை விமான நிலைய வாசல். கலைவாணன் முன்னமே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். சந்திரலேகா மகளோடு தண்ணீர் வாங்கப் போனாள்.

பங்கஜவல்லி பெட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"ஒக்காரு தங்கச்சி. அத்தனை சேரும் காலியாத்தானே கெடக்கு?"

"இருக்கட்டும்ணே."

கலைவாணன் தலையைத் தூக்கினான். பார்த்தான். சட்டென்று எழுந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

அப்பாடா என்று உட்கார்ந்தார் பங்கஜவல்லி.

மறந்து வைத்த கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தான். பங்கஜவல்லி சடக்கென்று எழுந்து நின்றார். அவன் போனான். இவர் உட்கார்ந்தார்.

திருஞானசம்பந்தத்துக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்போல் இருந்தது.

"என்ன தங்கச்சி இது?"

"மாப்ள எதிர்ல எப்படிண்ணே ஒக்கார்றது? எங்க வீட்டுல அப்படிப் பழக்கலையே."

அடுத்த நொடி தூணுக்குப் பின்னால் இருந்தார் திருஞானசம்பந்தம்.

"மாப்ள, இதுக்காகத்தானா?"

கலைவாணன் கண்ணாடியைத் துடைத்தான். "போன வருசம் கும்பகோணம் பஸ்ல சீட்டு காலியா இருந்தும் கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாங்க மாமா. கடைசி சீட்டுல நான் இருந்தேங்கிறதுக்காக. பாரிசு வரைக்கும் அப்படி நின்னா அந்தக் கால் என்னத்துக்கு ஆகும்? வெமானத்துல உள்ளவங்க வேற அதட்டுவாங்க. நாலு பேர் முன்னாடி கூசிப் போயிடுவாங்க."

"நீங்க மட்டும் வேற வெமானத்துல போயிருக்கலாமே?"

"நடுவுல எறங்கி மாறணும். நான் கூட இல்லாட்டி மூணு பேரும் தவிச்சிடுவாங்க."

"சரி, லேகாகிட்ட சொல்லித் தொலைக்கிறதுதானே? ஊரு ஒங்களைக் காறித் துப்புது!"

"சொன்னா அவ அம்மாவைப் பிடிச்சுக் கத்துவா. நம்மளால மாப்ளைக்கு இத்தனை நட்டமான்னு அத்தை பயணத்தையே நிறுத்திப்புடுவாங்க. கொழந்தையைப் பாக்கணும்ல மாமா?"

"இருந்தாலும் பாயிண்ட்டு அத்தனையும் ஒரு படுக்கைக்கா போகணும்?"

"படுக்கை யாருக்கு வேணும் மாமா? அந்த ஒரு கிளாசுக்குத்தான் தெரை போட்டு மறைச்சிருக்கான்!"

சந்திரலேகாவுக்கு இன்றுவரை இது தெரியாது. நீங்களும் வாயைத் திறக்காதீர்கள். மீறித் திறந்தால், பட்டினச்சேரிக் கடல்காற்றில் வந்த சேதி என்று சொல்லிவிடுங்கள். என்னை மட்டும் இழுத்துவிட வேண்டாம், புண்ணியமாகப் போகும்.