மூன்று ஓட்டைகள்

"கேக்குதா? ஸ்ஸ்ஸுனு சீறுது. மூணு மாசத்துல இது மூணாவது தடவை. இந்த வண்டி இனிமே தேறாதுன்னு நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க அலோயிஸ்!"

மெக்கானிக் அலோயிஸின் பட்டறை வாசலில் ரெசி காரிலிருந்து இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். முந்தின நாள்தான் மியூனிக்கிலிருந்து வந்திருந்தாள். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. மலைமேல் அந்த வீட்டில் அம்மா தனியாகக் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அங்கே பேருந்து ஒரு நாளைக்கு இரண்டே முறைதான். கார் இல்லாமல் இருக்க முடியாது. காலையில் ரொட்டி சாப்பிடும்போதே பேசி முடித்திருந்தார்கள்: கார் தேறாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், அம்மா மியூனிக்குக்கு வந்துவிட வேண்டும்.

அம்மா பூர்கி ரைசர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருந்தாள்.

"ஓடிட்டுதானே இருக்கு? அதுக்குள்ள சாவு சர்ட்டிஃபிகேட் கேக்கறியே," என்றார் அலோயிஸ். அறுபதை நெருங்கும் மனிதர். பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். முழநீள ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

"டாக்டர் மாதிரியே இருக்கீங்க."

"டாக்டர் கை சுத்தமா இருக்கும். இங்க பாரு ரெசி, இன்ஜின் காத்தை உறிஞ்சுது. ஸ்ட்ரா கீறியிருந்தா ஜூஸ் குடிக்கிறப்ப என்ன ஆகும்? கீறல் வழியா காத்து புகுந்து சத்தம் வரும்ல? அதேதான் இது. ரைசர் அம்மா, கொஞ்சம் ஆக்சிலேட்டரை மிதிங்க."

பூர்கி மிதித்தாள். சீறல் அடங்கியது. காலை எடுத்ததும் திரும்பவும் வந்தது.

"பாத்தியா? மிதிச்சா இன்ஜின் வாயை நல்லா திறந்துக்குது. கீறல் வழியா உறிஞ்ச வேண்டிய அவசியம் இல்ல. பிரேக் எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு," என்றாள் பூர்கி.

"அப்ப பிரேக்குக்குப் போற குழாய்தான்." அலோயிஸ் கையை உள்ளே விட்டுக் கட்டைவிரலால் ஓர் இடத்தை அழுத்தினார். சீறல் சட்டென்று நின்றது. விரலை எடுத்தார்: ஸ்ஸ்ஸ். வைத்தார்: நிசப்தம். தேவையே இல்லாமல் இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

இன்ஜினை நிறுத்தி, பழைய குழாயைக் கழற்றிப் புதியதை மாட்டப் பத்து நிமிடம் ஆனது. மறுபடி ஓடவிட்டபோது கார் சீறல் இல்லாமல், தூங்கும் பூனை மாதிரி மெல்ல உறுமியது. அம்மாவும் கீழே இறங்கி வந்தாள்.

"மரநாய் கடி," என்று பழைய குழாயை ரெசியிடம் நீட்டினார்.

"அது தெரியும். அதை விரட்ட அம்மா நாய்முடி கட்டிப் பாத்தாச்சு, கம்பி வலை விரிச்சுப் பாத்தாச்சு. பக்கத்து வீட்டுக் காரை ஏன் அது தொடவே மாட்டேங்குது? இந்த வண்டிலதான் ஏதோ கோளாறு. வித்துடலாம்."

"வண்டி மேல பழி போடாத!" அலோயிஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தன் எல்லைக்குள்ளயே நிக்கிற காரை மரநாய் அனேகமா கடிக்காது. இன்ஜின் சூட்டுல படுத்துத் தூங்கிட்டுப் போயிடும். ஆனா அதுல வேற மரநாய் வாசனை அடிச்சா வெறி புடிச்சிடும். அதாவது, கார் ஒரு ராத்திரி ஒரு இடத்துல, மறு ராத்திரி வேற இடத்துல நின்னா..."

பூர்கிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"வேற இடமா?" என்றாள் ரெசி. "அம்மாதான் எட்டு மணிக்கே படுத்துடறாளே! அதுக்கு மேல போன் பண்ணினாக்கூட எடுக்கறதில்ல."

"வியாழக்கிழமை பாடகர் குழுவுக்குப் போறேன்ல," என்றாள் பூர்கி அவசரமாக. "அப்ப சர்ச் வாசல்ல நிக்கும்."

"அது ஏழரைக்கே முடிஞ்சிடுமே அம்மா. மரநாய் பாட்டு கேக்கவா வருது?"

"சர்ச் பக்கம் மரநாயே கிடையாது," என்றார் அலோயிஸ். தப்பான தகவலை அப்படியே விட்டுவிட அவரால் முடியாது. பூர்கி முறைத்ததை அவர் கவனிக்கவில்லை. "இதைக் கடிச்சவன் ஒரு கிழவன். கோரைப்பல் தடம் நாலு இருக்கணும், இதுல மூணு ஓட்டைதான். மேல்பல் ஒண்ணு உடைஞ்சு போச்சு. இவனை எனக்கு ரெண்டு வருஷமா நல்லாத் தெரியும். ராத்திரி முழுக்க என் தலைக்கு மேல பரண்ல உருட்டிக்கிட்டே..."

பேச்சு பாதியில் நின்றது.

"பூர்கி, நான் வந்து..." என்றார், 'ரைசர் அம்மா' என்ற மரியாதையை மறந்து.

ரெசி குழாயிலிருந்த ஓட்டைகளை விரலால் தடவி எண்ணினாள். பிறகு பிரேக் விளக்காகச் சிவந்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கார் தினமும் ஒரே வீட்டுல நின்னா கடி நின்னுடுமா அலோயிஸ்?"

"நின்னுடும்." குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அப்ப எந்த வீடுன்னு ரெண்டு பேரும் சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்று சொல்லி, ரெசி பானெட்டை மெதுவாக மூடினாள்.