ஒரே ஒரு கவுன்டர்

"இன்னும் கொஞ்சம் மெதுவா பில் போடும்மா!"

மேனேஜர் காதருகே வந்து சொல்லிவிட்டுப் போனதும் மின்னலுக்குச் சுருக்கென்றது.

அந்த சூப்பர் மார்க்கெட்டில் அவள் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை. கைவேகத்தைப் பார்த்து மற்றப் பெண்கள் வைத்த பட்டப்பெயர்தான் மின்னல். அந்த வேகத்தைக் காட்டித்தான் வேலை நிரந்தரமாகும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அதற்கே வேட்டு!

பனிக்குப் பேர்போன ஊர் அது. சூடு துளிகூட வெளியே போய்விடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடுகள். மின்விசிறி வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் இந்த வருஷம் வெயில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஜனங்கள் தலையில் ஈரத்துண்டோடு திரிந்தார்கள்.

இந்த நேரம் பார்த்து மேனேஜர் எல்லா கவுன்டரையும் மூடிவிட்டு, மின்னலுடையதை மட்டும் திறந்து வைத்திருந்தார். வரிசை ஐஸ்கிரீம் பெட்டிகளைத் தாண்டி, உறைந்த பட்டாணி வரைக்கும் நீண்டது. நின்றவர்கள் எல்லாருமே எதிர் அடுக்குமாடிக் கட்டிடத்து முதியவர்கள்.

"உம்மணாமூஞ்சிக்கு ஈவு இரக்கமே கிடையாதா?" என்று பக்கத்தில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

"உன்னை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு சொல்லப்போறதே அந்த உம்மணாமூஞ்சிதான். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு!"

ஓய்வு பெற்ற தபால்காரர் வந்து நின்றார். கையில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். காலையில் சோப்பு வாங்கினார், அப்புறம் தீப்பெட்டி, இப்போது இது.

"எல்லாத்தையும் ஒரே தடவையில வாங்கக் கூடாதா ஐயா?"

"மறந்து போச்சும்மா!" என்று சிரித்தவர், பில்லை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக வரிசையின் வால் பக்கம் போனார்.

அவருக்குப் பின்னால் இருந்த அம்மா சால்வை போர்த்தியிருந்தார். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்! 'பாவம், மூளை கலங்கிவிட்டது' என்று மின்னல் உச்சுக் கொட்டினாள். நாலைந்து பேர், விற்பனைக்கு வைத்த மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள். வரிசை நகர்ந்தால் நாற்காலியோடு நகர்ந்தார்கள். ஒரே சிரிப்பும் கும்மாளமும்.

அவசரமாக வந்த ஓர் இளைஞன் மட்டும், "ஒரே ஒரு கவுன்டர்தானா?" என்று எகிறினான். மேனேஜர் ஓடி வந்து, அவனைத் தன் மேஜைக்குக் கூட்டிப்போய் பில் போட்டு அனுப்பினார்.

மின்னலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்தம் போடுகிறவனுக்கு ராஜ மரியாதை, வாயில்லாத முதியவர்கள் என்றால் இளக்காரமா?

தபால்காரர் மறுபடி வந்தார். கையில் ஒரு பென்சில்.

"ஐயா, நிஜமா சொல்லுங்க. எதுக்கு இப்படிச் சுத்திச் சுத்தி வர்றீங்க?"

அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "வெளியே சொல்லிடாதே. கடை காத்தாடுதாம். கூட்டம் தெரியலேன்னா மேலிடத்துல கடையையே இழுத்து மூடிடுவாங்களாம். 'நீங்கள்லாம் வந்து வரிசையில நின்னு காப்பாத்தணும்'னு உங்க மேனேஜர் கையைப் பிடிச்சுக்கிட்டார். ஒரு மனுஷன் அப்படிக் கேட்டா சும்மா இருக்க முடியுமா? பாவம்மா அவரு! அந்தப் பட்டாணி பக்கம்தான் கொஞ்சம் குளிருது. அதனாலென்ன, சால்வை இருக்கு."

மின்னல் எழுந்தேவிட்டாள். நேராக மேனேஜரிடம் போனாள்.

"சார், என் வேலை போனாலும் பரவாயில்ல. கேட்டுடறேன். நல்ல லாபம்னு போன வாரம்தான் எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தீங்க. அப்புறம் எதுக்கு வயசானவங்ககிட்ட பொய் சொல்லிக் கூட்டம் காட்டறீங்க? இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

மேனேஜர் பதறிப்போய் வரிசைப் பக்கம் பார்த்தார்.

"மெதுவா பேசும்மா! அவங்க காதுல விழுந்தா காரியமே கெட்டுடும். உன் வேலைக்கு நான் பொறுப்பு. வெயில் தணியற வரைக்கும் உன் கை மட்டும் ஆமையா இருந்தா போதும்."

"என்ன காரியம் சார்?"

"அவங்க கட்டிடத்துல ஒரு ஜன்னல்கூட முழுசா திறக்காது. உள்ளே போனா அடுப்புக்குள்ள போன மாதிரி இருக்கு. 'நம்ம கடை குளுகுளுன்னு இருக்கு, சும்மா வந்து உட்காருங்க'ன்னு வீடு வீடா ஏறி இறங்கினேன். 'ஓசியில வந்து உட்காரணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்து?'ன்னு ஒருத்தர் விடாம கதவைச் சாத்திட்டாங்க."

பட்டாணிப் பக்கமிருந்து பெரிய சிரிப்பொலி கேட்டது. உம்மணாமூஞ்சி முகத்திலும் முதல்முறையாகப் பல் தெரிந்தது.

"மறுநாள் போய், 'எனக்கு ஒரு உதவி பண்ணுங்க'ன்னேன். கட்டிடத்தையே பூட்டிக்கிட்டு வந்துட்டாங்க!"